ஐந்து விறகும் இரண்டு வாழைத்தண்டும்

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் பூமியில் உள்ள அத்தனை உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று உன் காகிதத்தில் நீயே எழுதிவிட்டாய். அதில் நீயும் அடக்கம், நானும் அடக்கம், போடி பஸ் நிலையத்தில் சுருண்டு கிடக்கும் சொறிநாயும் அடக்கம். எனக்கு ஒரு வரி மிச்சம். உன் தங்கை செல்வியின் கல்யாணத்துக்கு வரச் சொல்லி மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் சேர்த்து ஜப்பானிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் ஒரு கேசட்டும் நான்கு பக்கக் காகிதமும். அதே வாரத்தில் ஏதோ ஒரு மண்டபத்தில் நீயே அமைத்த இசையை நீயே தனியாக வாசிக்கிறாயாம். அதனால் வர முடியாதாம். அந்த இசையைக் கேசட்டில் பிடித்து அனுப்பியிருக்கிறாயாம், முகூர்த்த நேரத்தில் அதைப் போட்டுக் கேட்டால் நீயே வந்து நின்ற மாதிரியாம். பந்திக்கு வர முடியாதவன், தன் இலையில் போட்டோவை வைத்துப் பரிமாறச் சொன்ன கதைதான். இதற்கான பதிலை உன் விலாசத்துக்கு அனுப்பாமல் நம் ஊர் வாத்தியார் நடத்தும் மாதப் பத்திரிகைக்கு ஏன் கொடுக்கிறேன் என்று நீ கேட்பாய். காரணம் இருக்கிறது. அது வரும்போது வரும். உனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நம் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது என்பதுகூட உனக்கு நினைவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் முருகேசனிடம் கேசட்டைக் கொண்டுபோனேன். பக்கத்து டீக்கடைக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். என் மகன் வாசித்தது என்று நானே சொல்லிவிட்டேன், எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டொக் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு இரண்டு டொக். முருகேசன் எழுந்து மூடியைத் திறந்து பார்த்தான். "அண்ணே, டேப்பு சிக்கிருச்சு போல." அப்படித்தான் இருக்கும், கேள் என்றேன். கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டான். "யாரோ மாடியில கதவத் தட்டுற மாதிரி இருக்குண்ணே. வெரசா தெறந்து விடச் சொல்லுங்க, பாவம்." எல்லாரும் சிரித்தார்கள். இதற்கு அந்த ஊரில் என்ன செய்வார்கள் என்று ஒருவர் கேட்டார். கை தட்டுவார்களாம் என்றேன். "அது நாங்களுந்தான் தட்டுவோம், நிப்பாட்டச் சொல்லி" என்றான் முருகேசன். நானும் சேர்ந்து சிரித்தேன். உன்னை விட்டுக்கொடுத்து ஊரோடு சேர்ந்துகொள்வது எனக்குப் புதிதில்லை.

உன் காகிதத்தைப் படித்த பிறகுதான் அந்தத் தட்டலுக்குப் பொருள் இருப்பது தெரிந்தது. நூல் சுற்றிய உருண்டைக் குச்சிகளைக் கைக்கு இரண்டாகப் பிடித்து, அடியில் குழாய்கள் தொங்க வரிசையாக அடுக்கிய மரப்பலகைகளைத் தட்டுகிற வாத்தியம், அதற்கு மரிம்பா என்று பெயர். இசை நான்கு பகுதி. புத்தர் சொன்ன அன்பு நான்கு வகை, ஆகவே வகைக்கு ஒரு பகுதி. எல்லா உயிரிடமும் நேசம் வைப்பது மைத்திரி, துன்பப்படுபவன் மேல் இரங்குவது கருணை, அடுத்தவன் சந்தோஷத்தைக் கண்டு நாமும் சந்தோஷப்படுவது முதிதை, எது வந்தாலும் மனம் கலங்காமல் இருப்பது உபேட்சை. புத்தர் பெரிய மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி. உன்னைத்தான் சொல்கிறேன். எல்லா உயிரிடமும் நேசமா? ஐப்பசி மழையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குள் இறங்கி நடந்து, கணுக்காலில் பத்து அட்டை ஏறிய பிறகு அதைச் சொல். கலங்காத மனம் என்றால் நம் எஸ்டேட் முதலாளிக்கு அது பிறவியிலேயே இருந்தது. மழை தவறினாலும் சரி, ஜீப்பு கவிழ்ந்து ஆள் செத்தாலும் சரி, மனிதருக்கு முகம் மாறாது. அவருக்கு யாரும் கேசட் போடவில்லை. அடுத்தவர் சந்தோஷத்தில் சந்தோஷப்படுவதைப் பற்றி நீ ஆறு நிமிடம் வாசித்திருக்கிறாய். கூடப் பிறந்தவளின் சந்தோஷத்துக்கு ஆறு நாள் லீவு போட முடியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இதைவிட நன்றாக யாரும் தட்டிக் காட்ட முடியாது.

நம் வீட்டுக் கல்யாணத்தில் உனக்கு என்ன வேலை என்று மறந்திருப்பாய், சொல்கிறேன். மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது பெண்ணின் சகோதரன் செம்புத் தண்ணீர் எடுத்துப்போய் அவன் காலில் ஊற்ற வேண்டும். மாலை போட வேண்டும். பிறகு அவன் கையைப் பிடித்து, மணமேடை வரைக்கும் நடத்திக் கூட்டிவர வேண்டும். அதுவரை மாப்பிள்ளை வாசலிலேயே நிற்பான். ராசிங்காபுரத்துப் பையன், சொந்தத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. அந்தக் கையைப் பிடிக்க நீ வேண்டும். உன் கேசட்டால் எந்தக் கையையும் பிடிக்க முடியாது. பங்காளி வீட்டுப் பையன் ஒருவனை நிறுத்திக்கொள்ளலாம் என்று உறவில் எல்லாரும் சொன்னார்கள், நானும் சரி என்றேன். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கண்ணன் கையப் புடிச்சு உள்ள வந்தாத்தான் அவரு மாப்பிள்ளை. இல்லாட்டி வாசலோட திரும்பிப் போகச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். வைகாசி முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. அவள் சொன்னால் சொன்னதுதான், உன் அம்மா மாதிரி.

உன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் ஊரறியச் சொல்லிவிடுகிறேன். இயந்திரப் படிப்புக்கு என்று சொல்லிவிட்டு ஜப்பானுக்குப் போனாய். இரண்டாம் வருஷம் படிப்பை விட்டுவிட்டு இந்தப் பலகைக்குப் பின்னால் போய் நின்றாய். நான் இங்கே ஏலக்காய்க் கடைவீதி முழுக்க, மகன் கார் செய்கிற கம்பெனியில் இருக்கிறான் என்று பெருமையடித்து வைத்திருந்தேன். சேதி தெரிந்த அன்று, கட்டை தட்டிப் பிழைக்கிறவன் என் வாசல் ஏற வேண்டாம் என்று உனக்கு எழுதினேன். நீ ஏறவில்லை. பெற்றவன் கோபத்தில் எழுதிய ஒரு வரியை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நாலு வருஷம் உட்கார்ந்திருந்த உன் புத்தியை என்ன சொல்வது. "நான் பொறுமை பழகினேன்" என்கிறது உன் காகிதம். அதற்குப் பெயர் பொறுமையா? வீம்பு. என்னிடமிருந்து வந்தது, அதனால் எனக்கு நன்றாக அடையாளம் தெரிகிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டாம் பகுதிக்கு மேலே நீ எழுதியிருந்த ஒரு வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. "கருணை: என் அப்பாவுக்கு." அதற்குக் கீழே விளக்கம் வேறு. எனக்குப் பதினொரு வயதில் மலையில் என் தட்டல் சத்தத்தால் ஒரு தடவை உலர்த்தப் போட்ட ஏலக்காய் முழுதும் கருகிப்போனது, அப்பா கோபத்தில் எல்லார் முன்னாலும் அடித்தார், அவரை மனதார மன்னித்துவிட்டேன், தவறு என் சத்தத்துடையது, அதனால்தான் இந்தப் பகுதியை இவ்வளவு மெதுவாக வாசிக்கிறேன். இப்படி எழுதி அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் அச்சடித்தும் கொடுக்கிறாயாம். யாரடா உன்னிடம் மன்னிப்புக் கேட்டது? என்ன நடந்தது என்று தெரியாமல், யார் செய்தது என்று விசாரிக்காமல், கோயில் வாசலில் திருநீறு கொடுக்கிற மாதிரி மன்னிப்பைத் தூவிக்கொண்டு போகிறாயே, அதற்குப் பெயரா கருணை? எனக்கு அது வேண்டாம். நீ மன்னித்திருப்பது நான் செய்யாத ஒன்றை. நான் செய்தது என்னவென்று உனக்குத் தெரியவே தெரியாது.

முருகேசன் ஒரு டேப் ரிக்கார்டரை இரவல் கொடுத்திருந்தான். அதை வீட்டில் வைத்து செல்வி கேசட்டைப் போட்டாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பகுதி தொடங்கியது. ஐந்து சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. அதில் இரண்டாவது மட்டும் கொஞ்சம் மழுங்கலாக, சேராமல் நிற்கும். எனக்கு அது தெரிந்த சத்தம். செல்வி ரிக்கார்டரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இது அந்த விறகுதானப்பா?" என்றாள். எந்த விறகு என்றேன். "மறைக்காதீங்க. நீங்க விறகு அடுக்குக்குப் பின்னால உக்காந்து கேட்டீங்க. நான் உங்க மடியில இருந்தேன். 'அண்ணே'ன்னு கூப்பிடப் போனேன், நீங்க என் வாயப் பொத்துனீங்க." அவளுக்கு அப்போது ஆறு வயது. மறந்திருப்பாள் என்று பதினைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். "அண்ணன் எழுதியிருக்கிறதப் படிச்சேன். தன் மேலயே பழியப் போட்டுக்கிட்டுத் திரியுது. நீங்க எழுதுறீங்களா, நான் எழுதவா? இப்ப என் வாயப் பொத்த முடியாது" என்று சொல்லிவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆகவே எழுதுகிறேன். போடிமெட்டுக்கு மேலே அந்த எஸ்டேட்டின் ஸ்டோர், அதாவது காய் உலர்த்துகிற கட்டடம், அப்போது என் பொறுப்பில் இருந்தது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். பச்சைக் காயைக் கழுவிக் கம்பி வலைத் தட்டுகளில் பரப்பி, கீழே ஓடும் தகரக் குழாய்களில் அடுப்பின் சூட்டைச் செலுத்தி, ஒன்றரை நாள் உலர்த்துவோம். கடைசி ஒரு மணி நேரம்தான் உயிர் போகிற நேரம். விறகை ஏற்றிச் சூட்டைக் கூட்ட வேண்டும், கூட்டிய கையோடு கால் மணிக்கு ஒரு முறை உள்ளே போய் ஒரு கைப்பிடி காயை அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்க வேண்டும். ஈரம் இருக்கிற காய் ஊமை. விதை ஓட்டை விட்டுப் பிரிந்த காய் கலகலவென்று பேசும். பேசியதும் அடுப்பில் இருக்கிற விறகை வெளியே இழுத்துப் போட்டு ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். தாமதித்தால் பச்சை வெளுத்து, காய் வாயைப் பிளந்துவிடும், அப்புறம் அது கஷாயத்துக்குத்தான் ஆகும். எந்தக் கருவியும் கிடையாது, காதுதான். மலையில் என் காதுக்கு ஒரு பெயர் இருந்தது. பூப்பாறையிலிருந்துகூட மலையாளத்து ஸ்டோர்காரர்கள் வந்து, "அண்ணாச்சி, ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க" என்று காயை நீட்டுவார்கள்.

அன்று மத்தியானம் கடைசிச் சூட்டுக்கு விறகை நிறைய ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. ஸ்டோருக்குப் பின்னால் நீ இரண்டு வாழைத்தண்டைத் தரையில் போட்டு, அதன் மேல் ஐந்து விறகுக் கட்டையைக் குறுக்கே அடுக்கி, அரிவாளால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் செதுக்குவதும் தட்டிப் பார்ப்பதுமாக இருந்தாய். செதுக்கச் செதுக்க ஒவ்வொன்றும் ஒரு குரலுக்கு வந்தது. இரண்டாவது கட்டை மட்டும் வரவில்லை. ஈர விறகு, அது எப்படி வரும். நீ அதையும் விடாமல் சேர்த்துத் தட்டினாய். திட்டுவதற்காகத்தான் வந்தேன். விறகு அடுக்குக்குப் பின்னால் நின்றேன். பிறகு செல்வியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குப் புரியவில்லை. நீ அந்த ஐந்து சத்தத்தையும் மாற்றி மாற்றிப் போட்டாய், ஒரு தடவை வந்தது மறு தடவை வரவில்லை. நான் அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, எந்தக் கச்சேரியிலும் அப்படி உட்கார்ந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இன்றுதான் ஒரு ஆளிடம் சொல்கிறேன். முழுதாக ஒரு மணி நேரம் போயிருக்கும். பக்கத்துக் கொட்டகையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கருகிய வாசனை கண்டு கூச்சல் போட்ட பிறகுதான் எழுந்து ஓடினேன்.

உன் சத்தம் காய்ச் சத்தத்தை மறைக்கவில்லை, மகனே. இடி இடிக்கும்போதுகூட என் கையிலிருக்கும் காய் பேசுவது எனக்குக் கேட்கும். அன்று நான் உள்ளேயே போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த நேரம் பார்த்து முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். பொறுக்குகிற பெண்கள், லோடு ஏற்றுகிற ஆட்கள், எல்லாரும் கூடி நிற்கிறார்கள். "என்னய்யா ஆச்சு ஒங் காதுக்கு?" என்றார். மகன் கட்டை தட்டியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் என்று அந்தக் கூட்டத்தின் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதுவும் பொய். முதலாளி என்னை அனுப்பியிருக்க மாட்டார், என் மாதிரி ஆள் அவருக்குக் கிடைக்க மாட்டான். சிரிப்பார்களே என்ற வெட்கம், அதுதான். "இந்தப் பய போட்ட சத்தத்துல காய்ச் சத்தம் கேக்கலீங்க மொதலாளி" என்றேன். சொன்னது நிஜம் என்று காட்டுவதற்காக உன்னை இழுத்துப் போட்டு அடித்தேன். நீ அழுதுகொண்டே, "இனிமேத் தட்ட மாட்டேம்ப்பா" என்றாய். நான் அந்த ஐந்து கட்டையையும் ஒவ்வொன்றாக எடுத்து உன் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டேன். அடுத்த தடவைக் காய் அந்தச் சூட்டில்தான் உலர்ந்தது. நல்ல காய். முதலாளி பாராட்டினார்.

இதோடு நின்றிருந்தால், அடித்த அப்பாவை மன்னித்த மகன் என்று நீ பலகை தட்டிக்கொண்டு போயிருக்கலாம். பயலைக் கீழே அனுப்பிவிடு, ஸ்டோர் பக்கம் இருக்க வேண்டாம் என்று முதலாளி சொன்னார். சரி என்று தலையாட்டி, உன்னைச் சிலமலையில் உன் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். படிப்புக்காக என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அங்கிருந்து போடிப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்வந்தாய். நீ கீழே, உன் அம்மா மேலே. "பயல ஒருக்கா கூட்டிட்டு வாங்க, பாத்து மாசமாச்சு" என்று அவள் கேட்கும்போதெல்லாம், சோலி முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். முதலாளியிடம் ஒரு வார்த்தை, தப்பு என்னுடையது என்ற ஒரே வார்த்தை, சொல்லியிருந்தால் அடுத்த ஜீப்பில் நீ மேலே வந்திருப்பாய். இரண்டு வருஷம் அந்த வார்த்தை என் வாயில் இருந்தது. இரண்டாம் வருஷத்து மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போடிமெட்டுப் பாதை சரிந்துவிட்டது. நீ அத்தையோடு மலையடிவாரத்தில் முந்தலில் இரண்டு நாள் காத்துக் கிடந்தாய், ஒரு வண்டியும் மேலே ஏறவில்லை. பாதை திறந்து நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சாம்பல் கரைத்தாகிவிட்டது. கடைசியில் அவள் உன்னைத்தான் கேட்டாள். மழையின் மேல் பழி போட்டுவிட்டேன். மழையும் உன்னை மாதிரிதான், பதில் பேசாது.

இதைத்தான் நான் செய்தேன். நீ அதற்கு வாங்கிய அடியை மன்னித்து, அதற்கு இசையமைத்து, மண்டபத்தில் வாசிக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். மேலே இருந்த பருக்கையைத் துடைத்துவிட்டு, இலை சுத்தமாகிவிட்டது என்கிறவன் நீ. இரண்டு பேரில் யார் பெரிய மடையன் என்று பத்திரிகை படிக்கிறவர்கள் சொல்லட்டும். புத்திமதி சொல்லாமல் அப்பன் எழுதும் கடிதம் முடியாது, அதனால் ஒன்று சொல்கிறேன். ஒருவனை மன்னிப்பதற்கு முன்னால் அவன் எதிரில் போய் உட்கார்ந்து, என்ன செய்தாய் என்று கேள். முழுவதையும் கேள். அவன் சொல்லி முடித்த பிறகும் உன்னிடம் கருணை மிச்சமிருந்தால் அதற்கு இசை போடு, நானே வந்து கை தட்டுகிறேன். மிச்சமில்லை என்றால் அதையும் அவன் முகத்துக்கு நேரே சொல். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து அன்பு செலுத்துவது சுலபம், மகனே. நானே கீழே இருக்கிற உன் மேல் மலையில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் அன்பு செலுத்தியவன்தான்.

இதைப் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் இதுதான். அந்தப் பொய்யை நான் நாலு பேர் முன்னால் சொன்னேன். நிஜத்தை மட்டும் கவரில் ஒட்டி உனக்கு மாத்திரம் இரகசியமாக அனுப்பினால் அது எந்த ஊர் நியாயம்? அன்று நின்றவர்களில் பாதிப் பேர் போடியில்தான் இருக்கிறார்கள், படிக்கட்டும். முருகேசன் கடையில் வாசித்துக் காட்டட்டும். இப்போது சிரிக்க வேண்டியது என்னைப் பார்த்து.

இதைப் படித்த பிறகு நீ வருவாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பார்க்க வேண்டாம். நான் பந்தியில் நின்றுகொள்கிறேன், நீ வாசலில் மாப்பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா, அவளுக்காக. வாசல் ஏறாதே என்று எழுதியதை இதோ ஊரறிய அழித்துவிட்டேன். அந்தப் பலகையையும் குழாயையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வர வேண்டாம். கல்யாண வாசலில் இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டுவார்கள், மறுநாள் அதை வெட்டித்தான் போடப் போகிறோம். ஐந்து விறகு நான் பார்த்து எடுத்து வைக்கிறேன், இரண்டாவதை ஈர விறகாகவே எடுக்கிறேன். உன் கேசட்டில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது. தட்டு. நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இந்தத் தடவை விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டேன், எல்லாரும் பார்க்க உன் எதிரிலேயே உட்கார்ந்து கேட்பேன்.

உன் அப்பா